ஐந்து கடைகளும் ஒரு பாதித் தலையும்

கோவில்பட்டி சலூன்களின் சரித்திரத்தை எழுத யாராவது கிளம்பினால் ஊர் முழுக்க அலைய வேண்டியதில்லை. ஒரே ஒரு ஆளைப் பிடித்தால் போதும். அவரைப் பிடிப்பதுதான் கஷ்டம். நான் ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த ஒன்பது வருஷத்தில் அவர் ஐந்து கடை மாறினார். ஒவ்வொரு தடவையும் முடி காதை மூடிய பிறகு நான் தெருத் தெருவாகத் தேடிக்கொண்டு போவேன். வேறு ஆளிடம் வெட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். வெட்டிப் பார்த்தேன். என் தலையில் பின்பக்கம் இரண்டு சுழி. அந்த முடியைப் படிய வைக்கத் தெரிந்தவர் ஊரில் அவர் ஒருவர்தான்.

முதல் கடை ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த தகரச் சாய்ப்பு. தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. பெரும்பாலான சலூன்கள் ஸ்டேஷனைச் சுற்றித்தான் இருந்தன. வண்டி ஏறப் போகிறவனுக்குத்தான் தன் முகத்தைப் பற்றி அக்கறை வரும். பெண் பார்க்கப் போகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், வேலை கேட்டு மதுரைக்குப் போகிறவர்கள். மர நாற்காலி, ரசம் போன கண்ணாடி, தோல் வாரில் தீட்டுகிற கத்தி, கிண்ணத்தில் ஒரு துண்டு படிகாரம். அவ்வளவுதான் கடை. திருநெல்வேலி வண்டிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது, கட்டிங்கும் சேவிங்கும் ஆகும் என்று கணக்குச் சொல்லித்தான் துண்டைக் கட்டுவார். சொன்னபடி முடித்தும் விடுவார்.

இரண்டாவது கடை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சந்தில். அதற்குள் பாதி பிளேடைச் செருகுகிற கத்தி வந்துவிட்டது, டேப் ரிக்கார்டர் வந்துவிட்டது. மற்றக் கடைகளில் கண்ணாடிக்கு மேலே சினிமாக்காரர்கள் சிரித்துக்கொண்டிருக்க, இவர் கடையில் ஊர் ஹாக்கி டீமின் குரூப் போட்டோ. மூன்றாவதை ஒரு கடலைமிட்டாய்க் கடையின் மாடியில் போட்டார். உலகத்தில் எவனாவது மாடியில் சலூன் வைப்பானா? கிழவர்கள் படியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஏறி வந்த எங்களுக்கோ, வெல்லப்பாகு வாசனையில் தாடைக்குச் சோப்புப் போட்டாலும் வாயில் எச்சில் ஊறும். அப்புறம் ரயில்வே கேட் பக்கம் ஒன்று, கடைசியாகத் தீப்பெட்டி ஒட்டுகிற ஆபீஸ்களுக்குப் பின்னால் ஒரு முடுக்குச் சந்தில் ஒன்று.

ஏன் மாறுகிறீர்கள் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் தயாராக இருக்கும். வெளிச்சம் இல்லை, தண்ணீர் இல்லை, எலி. ஒரு முறை மட்டும் கத்தரியைக் காற்றிலேயே கிச்சுக்கிச்சென்று தட்டிக்கொண்டு சொன்னார். "நின்னா வேர் புடிச்சிரும் சார். கரிசல்ல வேர் புடிச்சா வெட்டித்தான் எடுக்கணும்."

நிற்கவே மாட்டார் என்பதுதான் அவரைப் பற்றிய முதல் விஷயமும் கடைசி விஷயமும். மற்றவர்கள் நாற்காலியைத் திருப்பி வெட்டுவார்கள். சுழல் நாற்காலி வாங்கிய பிறகும் இவர் நாற்காலியை அசைக்காமல் தானே சுற்றிச் சுற்றி வந்து வெட்டுவார். நமக்குத் தலை கிறுகிறுக்கும். டீயை நின்றுகொண்டே குடிப்பார், அதுவும் ஒரு காலை மாற்றி ஒரு காலில். வாசலில் ஒரு சைக்கிள் மணி அடித்தால் போதும், பார்வை கண்ணாடிக்குப் போகும். அவர் கடைக் கண்ணாடி எப்போதுமே கொஞ்சம் சாய்வாக மாட்டப்பட்டிருக்கும். அதில் நம் முகம் பாதியும் தெரு பாதியும் தெரியும். சரியாக மாட்டத் தெரியாதவர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நானே எழுந்து அதை நேராக்கியும் வைத்தேன். அவர் அதைப் பழையபடி சாய்த்துவிட்டு வெட்ட ஆரம்பித்தார்.

அவருக்குச் சொந்த ஊர் தெற்கே, கரிசல் காட்டுக்குள், வானம் பார்த்த ஒரு கிராமம். அங்கே அவருடைய அப்பாதான் ஊர்க் குடிமகன். அதாவது மேலத்தெரு வீடுகளுக்கு முடி வெட்டி, சவரம் செய்து, நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்க வேண்டியவர். அதற்குக் கூலி களத்தில் கிடைக்கும் தானியமும், ஊர்ப் பொதுவில் ஒரு மனையும். அந்த மனையில்தான் வீடு. காலனிக்காரர்களுக்கு அவர் வெட்டக் கூடாது. அவர்கள் தலையைத் தொட்ட கத்தி மேலத்தெரு முகத்தைத் தொடக் கூடாது. தொட்டது தெரிந்தால் வீடு போய்விடும். மகனோ டவுனில் யார் வந்து உட்கார்ந்தாலும் துண்டைக் கட்டினார். அப்பா, மகன் மதுரையில் மில் வேலைக்குப் போகிறான் என்று ஊரில் சொல்லி வைத்திருந்தார். இங்கே ஊர்க்காரர் ஒருவர் முகம் தெருவில் தெரிந்தால், அடுத்த வாரம் கடை வேறு தெருவில் இருக்கும். ஐந்து கடையும் ஒரு வீட்டைக் காப்பாற்றுவதற்காக. எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. முன்னாலேயே தெரிந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன் என்று நினைத்து ஆறுதல்பட்டுக்கொள்கிறேன்.

ஒரு தடவை நாலாவது கடையில் என் ஒரு கன்னத்தை மழித்துவிட்டு மறு கன்னத்துக்கு வருகிற நேரத்தில் கண்ணாடியைப் பார்த்தார். "இந்தா வந்துருதேன் சார்" என்று பின்வாசல் வழியாகப் போனவர்தான். அரைமணி நேரம் கழுத்தில் துண்டோடும் கன்னத்தில் காய்ந்த சோப்போடும் உட்கார்ந்திருந்தேன். பாசஞ்சர் வருகிற மணி அடித்ததும் வேறு வழியில்லாமல் அப்படியே எழுந்து ஓடினேன். அன்றைக்கு என்னிடம் மூட்டை போட வந்த யாருமே மூட்டையைப் பார்க்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் பெரிய மனசோடு, பாதிச் சம்பளம்தான் தருவோம் என்றார். சாயங்காலம் கடைக்காரர் ஆபீஸுக்கே கத்தியோடு வந்து மிச்சத்தை மழித்தார். வயிறு சரியில்லை என்றார். நானும் நம்பினேன்.

அவரிடம் மாதம் தவறாமல் வருகிற ஒரு கேங்மேன் உண்டு. தண்டவாளத்தில் ஜல்லி தட்டி, ஆணி முடுக்குகிற வேலை. ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார். அவர் வந்தால் மட்டும் கடையில் பேச்சே இருக்காது. டேப் ரிக்கார்டரை நிறுத்திவிட்டு, மற்ற யாருக்கும் எடுத்துக்கொள்ளாத நேரம் எடுத்து வெட்டுவார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும். இரண்டு பேரும் ஒரே ஊர். ஒருவர் குடிமகன் வீடு, மற்றவர் காலனி. சின்ன வயதில் கேங்மேனுக்கு அவருடைய அய்யா ஆட்டுக்கு முடி கத்தரிக்கிற கத்தரியால் வெட்டிவிடுவாராம். டவுனில் முதல் கடை போட்ட மாதமே கேங்மேன் வந்து வாசலில் நின்று, "உங்கய்யா வெட்டமாட்டாரு, நீ வெட்டுவியாலே?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் நாற்காலியைத் தட்டித் துடைத்துவிட்டுத் துண்டை எடுத்து உதறினாராம்.

இனி நான் செய்த காரியம்.

ஒரு நாள் காலையில் மிளகாய் வத்தல் மூட்டைகள் போட ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, காதோரம் நரை. மூட்டையை நிறுக்கும்போது வத்தல் நெடியில் நான் தும்மிக்கொண்டே எழுத, அவர் ஆதரவாக எங்கே ஊர், யார் வீடு என்று விசாரித்தார். நாகலாபுரம் பக்கம் என்றேன், அப்பா பெயரைச் சொன்னேன். நிலம் வைத்திருக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை என்று தெரிந்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும்தான். பிறகு கேட்டார். அவர்கள் ஊர்க் குடிமகனுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது, போன வாரம் ஒருவர் காதில் கத்தி பட்டுவிட்டது. கோயில் கொடை வருகிறது. மகன் மதுரையில் இல்லை, இங்கேயே கடை வைத்திருக்கிறான் என்று காதில் விழுந்தது. பெயரைச் சொல்லி, எனக்குத் தெரியுமா என்றார்.

இந்த ஊரில் எனக்குத் தெரியாத சந்து இல்லை என்று எனக்கு ஒரு கர்வம். வழி சொன்னால் போதாதா? பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நானே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத செய்தியைக் கொண்டுபோகிறோம், நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு வேறு.

முடுக்குக்குள் நாங்கள் நுழையும்போது நாற்காலியில் கேங்மேன் இருந்தார். வலது பக்கம் வெட்டி முடிந்திருந்தது. இடது பக்கம் அப்படியே காட்டுமுடி. கண்ணாடியில் கடைக்காரர் முதலில் என்னைப் பார்த்தார், சிரித்தார். அப்புறம் எனக்குப் பின்னால் வந்தவரைப் பார்த்தார். எப்போதும் காற்றில் தட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கத்தரி நின்றது. நான் கேட்டதிலேயே பயங்கரமான சத்தம் அது நின்றதுதான்.

பின்வாசல் அந்தக் கடையில் கிடையாது. கடைக்காரர் கேங்மேன் கழுத்திலிருந்த துண்டை அவிழ்த்தார். "எந்திரி. மிச்சத்தப் பொறவு பாப்போம்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. கேங்மேன் எழுந்து, தோளில் கிடந்த முடியைத் தானே தட்டிக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வத்தல்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இவன் நம்ம காலனிப் பய மாதிரில்லா இருக்கு?"

"ரயில்வே ஆளு சாமி. யாரு என்னன்னு நமக்குத் தெரியாது."

கேங்மேன் வாசல்படியில் ஒரு கணம் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. போய்விட்டார். வத்தல்காரர் அதே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் காட்டினார். கொடைக்கு வந்துவிட வேண்டும், இனி அப்பா இடத்தில் நீதான் என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். இவர் சரி சாமி, சரி சாமி என்று மழித்தார். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கத் தொடங்கியது. எங்கள் வீட்டுக்கும் ஒரு குடிமகன் வந்து அப்பாவுக்குச் சவரம் செய்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எங்கள் ஊர்க் காலனிக்காரர்கள் எங்கே போய் முடி வெட்டிக்கொள்கிறார்கள் என்று இருபத்தாறு வயது வரை ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மறுநாள் கேங்மேன் அந்தப் பாதித் தலையோடேயே வேலைக்கு வந்தார். தலைப்பாகை கட்டவில்லை, தொப்பி போடவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு வெயிலில் லைனில் நடந்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. சம்பள வரிசையில் அந்தத் தலையோடு நின்றார். வண்டி ஜன்னல்களில் இருந்தவர்கள் கைகாட்டிச் சிரித்தார்கள். ஊரில் நாலைந்து சலூன்காரர்கள் அவரைப் பார்க்கச் சகிக்காமல் சும்மாவே வெட்டிவிடுகிறோம் என்று கூப்பிட்டார்கள். போகவில்லை. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். உங்களை ஒன்றும் சொல்லவில்லை சார் என்றார். அப்படியானால் மிச்சத்தை வெட்டிக்கொள்ளுங்கள், எனக்காக என்றேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வெட்டுனவரு என்னைத் தெரியாதுன்னுட்டாரு. தெரிஞ்ச பொறவு வந்து வெட்டட்டும்."

மூன்று வாரம் ஓடியது. கடைக்காரர் என்ன ஆனார் என்று சொல்ல வேண்டுமே. கடையைத் திறப்பார், பத்து மணிக்குப் பூட்டுவார், பன்னிரண்டு மணிக்குத் திறப்பார். குவார்ட்டர்ஸ் வரை நடந்து போவார், தண்ணித் தொட்டிப் பக்கம் நின்றுவிட்டுத் திரும்புவார். என் சுழியில்கூடக் கோட்டை விட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கூட்டிக்கொண்டு வந்தீர் என்று நாலு வசவு வைதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கேங்மேன் தலை முடியோ அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. வெட்டின பக்கமும் வெட்டாத பக்கமும் ஒன்றாகிவிடுமோ, அதற்குள் ஏதாவது செய்துவிட வேண்டுமே என்று கடைக்காரர் தவித்தது எனக்குத் தெரியும். எனக்கும் அதே தவிப்புதான்.

சந்தை நாள் காலையில் மணியாச்சிப் பக்கமிருந்து வருகிற பாசஞ்சரில் அவர் ஊர்ச் சனம் வரும். அந்த வண்டி எங்கள் ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு இருபது நிமிஷமாவது நிற்கும். அன்றைக்கு வண்டி வந்து நின்ற கையோடு அவர் கையில் பையோடு பிளாட்பாரத்துக்குள் வந்தார். பார்சல் ஆபீஸ் வாசலில் நின்று, உட்கார ஒரு நாற்காலி தருவீர்களா என்று கேட்டார். என் நாற்காலியைத் தூக்கிக் கொடுத்தேன். அதை பிளாட்பாரத்தின் நட்டநடுவில், ஜன்னல்களைப் பார்த்துப் போட்டார். லைன் ஓரத்தில் கேங்க் ஆட்களோடு நின்ற கேங்மேனிடம் போய் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேங்மேன் வர நேரமாயிற்று. வந்தார், உட்கார்ந்தார். இவர் துண்டை உதறிக் கட்டினார்.

வண்டியில் பேச்சு ஒவ்வொரு பெட்டியாக அடங்கியது. கூடையோடு இறங்கியவர்கள் சந்தைக்குப் போகாமல் நின்றார்கள். யாரோ ஒரு அம்மாள் அவர் பெயரைச் சொல்லி, இன்னார் மகன்தானே என்று பக்கத்தில் கேட்டாள். ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து பார்த்துவிட்டு, சட்டப்படி ஏதோ சொல்ல வாயெடுத்து, உள்ளே போய்விட்டார். கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது.

"இவன் எங்க ஊருக்காரன் சார்" என்று அவர் என்னிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆனாலும் கடைசிப் பெட்டி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "சின்னதுலேருந்து தெரியும்."

கேங்மேன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எக்ஸ்பிரஸ் கடந்து போய், பாசஞ்சர் கிளம்பியபோது வேலை முடிந்திருந்தது.

ஊரில் கொடைக்கு முன்பே அவருடைய அப்பாவை வீட்டை விட்டு இறக்கிவிட்டார்கள். அடித்தார்கள், வைதார்கள் என்றெல்லாம் இல்லை. மனை ஊர்ப் பொது, காலி செய்து கொடு என்றார்கள். அவ்வளவுதான். ஒரு தகரப் பெட்டியும் ஒரு மூட்டையுமாகக் கிழவர் பாசஞ்சரில் வந்து இறங்கினார். மகன் கூட்டிக்கொண்டு போனார். மகன் வீட்டில் சாப்பிட்டார், தூங்கினார், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். மகனோடு மட்டும் பேச்சில்லை. கை நடுக்கத்தில் தனக்குத் தானே சவரம் செய்துகொள்ளவும் முடியவில்லை. அதற்காக மகன் கடைக்கு வந்தாரா என்றால், இல்லை. பஸ் ஸ்டாண்டு எதிரே கண்ணாடிக் கதவு போட்டுப் புதிதாக ஒரு சலூன் திறந்திருந்தார்கள், குளிர் மெஷின், நுரை டப்பா, பையன்களுக்குத் தலையில் நிறம் பூசுகிற வகை. கிழவர் வாரம் ஒருமுறை அங்கே போய் வரிசையில் உட்கார்ந்தார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு நாள் வழியில் பார்த்து, உங்கள் மகன் செய்ததில் என்ன தப்பு என்று கேட்டுவிட்டேன். கிழவர் கோபப்படவில்லை.

"தப்புன்னு நான் சொல்லல தம்பி. என் வீட்ட என்னையக் கேக்காமக் குடுத்துட்டாம்லா."

அந்த வீட்டைக் காட்டிக்கொடுக்க முதல் ஆளாக நடந்து போனவனே நான்தான். மகனிடம் இதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், அய்யா சொல்வது நியாயம்தான் என்றார்.

அதற்கப்புறம் அவர் கடை மாறவில்லை. ஊரிலிருந்து யாரும் தேடி வரப் போவதில்லை, மாற வேண்டிய அவசியம் தீர்ந்துவிட்டது. ஆனால் கால் மட்டும் நிற்கவில்லை. அதே சுற்று, அதே சாய்ந்த கண்ணாடி. பழக்கம் விடுமா?

நான் மாற்றலாகிப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். நல்ல வெயில். கண்ணாடிக் கதவுச் சலூனுக்கு எதிர்ப்பக்கம், விளக்குக் கம்பத்தை ஒட்டி அவர் நின்றுகொண்டிருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் கிழவர் நாற்காலியில் சாய்ந்து, கழுத்தை நிமிர்த்திக் கண்ணை மூடியிருந்தார். ஒரு சின்ன வயசுக்காரர் கத்தியை எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தச் சின்ன வயசுக்காரரே எனக்குச் சொன்னார், கிழவர் வருகிற நாளெல்லாம் இவர் கால்மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுவாராம். இடது தாடைக்குக் கீழே ஒரு மரு இருக்கிறது, அங்கே மட்டும் கத்தியை மேலிருந்து இழுக்காதீர்கள், புது பிளேடு போடுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரி சொல்லிவிட்டுத் தெருவுக்கு எதிரே போய் நின்றுகொள்வாராம்.

நான் பக்கத்தில் போய், கடையில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், தேடுகிறார்கள் என்றேன். அவர் திரும்பவில்லை. ஒன்பது வருஷத்தில் அந்த மனிதர் இரண்டு காலையும் ஊன்றி நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எங்கய்யா கழுத்த இன்னொருத்தன் கையில குடுத்துட்டு இருக்காவ சார்" என்றார். "முடியட்டும். வாரேன்."